கிளிக்கென்று தனி டேப்லெட் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று வளர்கிறது. பகலில் நாங்கள் வேலைக்குப் போன பிறகு தனிமையில் இறகைப் பிடுங்கிக்கொள்கிறது. ‘பறவைகளுக்கென்றே வடிவமைத்த தொடுதிரை, கூண்டில் மாட்டினால் போதும்’ என்று இணையக் கடை ஒன்றில் சாதாரண டேப்லெட்டைப் போல இரு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? – ஒரு வாசகி

பதில்: வாங்காதீர்கள். முதலில் கிளியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இறகைப் பிடுங்குவதற்குச் சலிப்பு மட்டுமே காரணமல்ல. நோயும் தோல் தொல்லையும்கூட இருக்கலாம்.

இனி டேப்லெட். உங்கள் கைப்பேசித் திரையைச் சதை படாமல் நகநுனியால் மட்டும் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. இந்தத் திரைகள் மின்சாரம் கடத்தும் பொருள் பட்டால்தான் தொடுகையை உணரும். அலகின் மேற்புறமும் நகத்தைப் போலக் கெரட்டின் என்ற, மின்சாரம் கடத்தாத புரதத்தால் ஆனதுதான். அதனால் கிளி திரையை நாக்கால் தொடுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 20 கிளிகளை வைத்து ஆராய்ந்து 2024இல் இதைப் பதிவு செய்திருக்கின்றன. கிளி அலகைத் திறந்து, திரையை நெருங்கி, நாக்கை நீட்டிப் படபடவென்று பல முறை தொடும். நம் விரலுக்காக எழுதிய செயலி இதைப் பல கட்டளைகளாக எடுத்துக்கொண்டு குழம்பிவிடும். பாவம், கிளிக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

ஆக, மாற வேண்டியது செயலி. பொத்தான்கள் பெரிதாக, நிறைய இடைவெளி விட்டு இருக்க வேண்டும். அடுத்தடுத்து விழும் தொடுகைகளை ஒன்றாகக் கணக்கிட வேண்டும். விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள். உறையின் நிறத்தையும் கிளிப் படத்தையும் தவிர வேறு பதில் வராவிட்டால், அந்த இரு மடங்கு விலைக்கு நியாயமே இல்லை.

வீட்டில் பழைய டேப்லெட் இருந்தால் அதுவே போதும். ஒரே செயலியில் பூட்டி வைக்கும் வசதியை இயக்குங்கள். பணம் செலுத்தும் கணக்கை நீக்குங்கள். திரைமேல் டெம்பர்டு கிளாஸ் ஒட்டுங்கள். ரப்பர் உறையைக் கழற்றிவிடுங்கள், கிளி கடித்து விழுங்கிவிடும். சார்ஜர் வயர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

‘கூண்டில் மாட்டினால் போதும்’ என்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. சாம்பல் கிளியின் அலகு கெட்டியான கொட்டையையே உடைக்கும். பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பற்றும். யாரும் இல்லாத வீட்டில் அதை மாட்டச் சொல்வது பொறுப்பற்ற விற்பனை. இதே பல்கலைக்கழகங்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில் 18 கிளிகளுக்கு வீடியோ அழைப்பில் மற்றக் கிளிகளோடு பேசக் கற்றுக்கொடுத்தார்கள். கிளி மணியடித்துக் கேட்கும். திரையில் தெரியும் படங்களிலிருந்து தோழனைத் தேர்ந்தெடுக்கும். வளர்ப்பவர் கூடவே இருந்தார். கிளி மிரண்டாலோ விலகினாலோ அழைப்பு அத்தோடு முடிந்தது. நீங்களும் மாலையில் பக்கத்தில் அமர்ந்து கொஞ்ச நேரம் பழக்குங்கள்.

பகல் தனிமைக்கு வேறு வழி உண்டு. விதைகளைக் காகிதத்தில் பொதிந்து கூண்டின் பல மூலைகளில் ஒளித்து வையுங்கள், கடிக்க வேப்பங்குச்சி கொடுங்கள். தீனியைத் தேடி எடுப்பதிலேயே அதற்கு நெடுநேரம் போகும்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள்.