இறக்குமதி வரியை யார் கட்டுகிறார்கள்? தடையற்ற வணிகம் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி (நூற்பாலை ஊழியர், கோவை): அயல்நாட்டுப் பொருளுக்கு வரி விதித்தால் நம் தொழில் பிழைக்கும் என்பதுதானே இயல்பான கணக்கு?

பதில்: அந்தக் கணக்கில் வரவு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. சுங்கத்துறையில் வரியைக் கட்டுபவர் அயல்நாட்டு விற்பனையாளர் அல்லர், நம் ஊர் இறக்குமதியாளர். அவர் அதைப் பெரும்பாலும் விலையில் ஏற்றி நம்மிடமே வாங்கிக்கொள்கிறார். உங்கள் துறையையே பாருங்கள். 2021 நிதிநிலை அறிக்கையில் பஞ்சு இறக்குமதிக்கு ஏறத்தாழ 11 சதவீத வரி வந்தது. பஞ்சு விலை எகிறியபோது, 2022 ஏப்ரலில் அதைத் தற்காலிகமாக நீக்க வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவீத வரி திருப்பூரை நெருக்கியபோது, மத்திய அரசு மீண்டும் அதே பஞ்சு வரியைத்தான் ஆண்டு இறுதிவரை விலக்கிவைத்தது. நெருக்கடி வரும்போதெல்லாம் தொழிலைக் காக்க ஒரு வரியை நீக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த வரி மற்ற நாள்களில் தொழிலுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும்.

ஏற்றுமதிக்கென வாங்கும் பஞ்சுக்கு வரிவிலக்குத் திட்டங்கள் இருப்பது உண்மை. ஆனால் இருபது தையல் இயந்திரங்களோடு இயங்கும் பின்னலாடை நிறுவனம் பஞ்சை இறக்குமதி செய்வதில்லை. உள்ளூரில் நூல் வாங்குகிறது. அந்த நூலின் விலை, வரி சேர்ந்த பஞ்சு விலையை ஒட்டியே அமைகிறது.

கேள்வி: அப்படியானால் பருத்தி உழவர் என்ன ஆவார்?

பதில்: அவருக்கு ஆதரவு தேவை. குறைந்தபட்ச ஆதரவு விலையும் இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதலும் அதற்காகவே இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகவும் உரிய காலத்திலும் நடத்துவதற்கான செலவைப் பொதுக் கருவூலம் ஏற்க வேண்டும். தையல் தொழிலாளியின் வேலைவாய்ப்பின் மீது அதைச் சுமத்துவது நியாயமன்று.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): எல்லாவற்றையும் நம்மைவிட மலிவாகச் செய்யும் நாட்டோடு வணிகம் செய்து நமக்கு என்ன கிடைக்கும்?

பதில்: ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் தந்த எண்களே போதும். ஓராண்டில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 ஆள்கள், போர்ச்சுகலுக்கு 90 ஆள்கள்; குறிப்பிட்ட அளவு திராட்சை மது செய்ய இங்கிலாந்துக்கு 120, போர்ச்சுகலுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுகலே திறமை மிக்கது. ஆயினும் இங்கிலாந்து 100 பேரின் உழைப்பில் நெய்த துணியைக் கொடுத்து, தானே செய்தால் 120 பேர் தேவைப்படும் மதுவைப் பெறுகிறது. போர்ச்சுகல் 80 பேரின் உழைப்பைக் கொடுத்து, 90 பேர் நெய்ய வேண்டிய துணியைப் பெறுகிறது. இருவருக்கும் உழைப்பு மிச்சமாகிறது.

கேள்வி: ஐயா, இதே தடையற்ற வணிகத்தின் பெயரால்தானே நம் நெசவாளர்களை ஆங்கிலேயர் அழித்தார்கள்?

பதில்: இந்தக் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது; ஆனால் அது சேர வேண்டிய இடம் வேறு. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவின் அச்சிட்ட பருத்தித் துணிகள் தன் சந்தைக்குள் நுழைவதைத் தடுத்தது. 1721இல் அச்சிட்ட பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்துவதையே தடைசெய்தது. சோழமண்டலக் கரையிலிருந்து போன வண்ணத் துணிகளும் அந்தத் தடைக்குள் வந்தவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குள் நுழைந்த இந்தியத் துணிக்குக் கடும் வரி இருந்தபோது, இங்கு வந்த பிரிட்டிஷ் துணிக்கு மிகச் சொற்ப வரியே இருந்தது. பிறகு இந்திய ஆலைகள் எழுந்தபோது, இங்கிலாந்தின் துணி ஆலைப் பகுதியான லங்காஷயரின் முதலாளிகளது வற்புறுத்தலுக்காக, 1896இல் இந்திய ஆலைத் துணியின் மீதே 3.5 சதவீத உற்பத்தி வரி போடப்பட்டது. 1925 வரை அது நீடித்தது. ஒரு பக்கம் கதவைச் சாத்திவிட்டு மறுபக்கத்தை மட்டும் திறக்கச் சொல்வது ஆதிக்கம். அதைத் தடையற்ற வணிகம் என்று நான் ஒப்பமாட்டேன். இயந்திர நெசவு எப்படியும் கைத்தறியை வருத்தியிருக்கும்தான். ஆனால் நம் வரியை நாமே முடிவுசெய்யும் உரிமை இருந்திருந்தால் அந்த மாற்றம் இவ்வளவு கொடியதாக இருந்திராது.

கேள்வி: வேலை இழப்பவர்களைப் பற்றிப் பேசவே மாட்டீர்களா?

பதில்: பேசியே ஆக வேண்டும். சீன இறக்குமதி பெருகியபோது அமெரிக்காவின் பல தொழில் ஊர்கள் ஆண்டுக்கணக்கில் மீளவில்லை. ஆதாயம் நாடெங்கும் பரவ, இழப்பு சில ஊர்களில் குவிந்தது. அவர்களுக்கு மறுபயிற்சியும் வருமானப் பாதுகாப்பும் தராத அரசு தவறிழைக்கிறது. ஆனால் வரி அதற்கு மிகவும் விலை உயர்ந்த மருந்து. 2018இல் அமெரிக்கா சலவை இயந்திரங்களுக்கு வரி விதித்தபின், வரி விதிக்கப்படாத துணி உலர்த்தும் இயந்திரங்களின் விலைகூட ஏறியது. இரண்டும் சேர்த்தே விற்கப்படுபவை. ஏறத்தாழ 1,800 வேலைகள் உருவாயின. ஆய்வாளர்களின் கணக்கில் ஒவ்வொரு வேலைக்கும் நுகர்வோர் கொடுத்த விலை ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல்.

கேள்வி (ஏற்றுமதியாளர், கரூர்): அவர்கள் வரி போட்டால் நாமும் பதிலுக்குப் போட வேண்டாமா?

பதில்: 1930இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் வேண்டாம் என்று எழுதியும், அமெரிக்க அதிபர் ஹூவர் இறக்குமதி வரிகளை உயர்த்தும் ஸ்மூட்–ஹாலி சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கா முட்டைக்கான வரியை டஜனுக்கு 8 சென்டிலிருந்து 10 ஆக்கியது; கனடா தன் வரியை 3 சென்டிலிருந்து 10 ஆக உயர்த்தியது. 1929இல் 9 லட்சம் டஜனைத் தாண்டியிருந்த கனடாவுக்கான அமெரிக்க முட்டை ஏற்றுமதி, 1932இல் 8 ஆயிரம் டஜனுக்கும் கீழே போனது. பேரம் பேசுங்கள், மாற்றுச் சந்தைகளைத் தேடுங்கள். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம் அத்தகையதே. ஆனால் அமெரிக்கர் மீதான சினத்தில் நம் ஆலைக்கு வேண்டிய இயந்திரத்தின் விலையை ஏற்றிவிடாதீர்கள்.