தோட்டப்புறத்துப் பையன் சாக்சஃபோன் கச்சேரிக் கலைஞனாக முடியுமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். 16 வயது மகன் பள்ளி பேண்டில் ஆல்ட்டோ சாக்சஃபோன் வாசிக்கிறான். மேற்கத்திய செவ்வியல் கச்சேரிதான் என் தொழில் என்கிறான். விடலாமா?

அண்ணே, நானும் சுங்கை சிப்புட் பக்கம்தான். அப்பா பால்மரம் வெட்டினார், தாத்தா தோட்டத்துக் கோயிலில் நாதஸ்வரம் வாசித்தவர். எனக்கு இப்போது 28, சில வருடமாக சாக்சஃபோன்தான் சோறு போடுகிறது. விடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவில் இந்தக் கருவிக்கு நிரந்தர நாற்காலி கிடையாது என்பதை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. 17 வயதில் ஈப்போவுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து கோலாலம்பூர் போய், ஓர் இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவின் ஆள்தேர்வுக்குப் பெட்டியும் கையுமாக நின்றால், சாக்சஃபோன் எடுப்பதில்லை தம்பி என்று வாசலிலேயே சொன்னார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். இந்தக் கருவியை உருவாக்கிய அடோல்ஃப் சாக்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1846இல், அதற்குள் ஆர்க்கெஸ்ட்ராவில் யார் யார் உட்காருவது என்பது பெரும்பாலும் முடிவாகிவிட்டது. சாக்சஃபோன் வேண்டிய ராவெலின் பொலேரோ மாதிரி ஒரு படைப்பு வந்தால் வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் வருமானம்? நான் வாரத்தில் நாலு நாள் பாடம் எடுக்கிறேன், இரண்டு பள்ளி பேண்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன், சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிடோன் என நாலு வகை சாக்சஃபோனோடு நாலு பேர் சேர்ந்த குழு ஒன்று இருக்கிறது. பியானோவோடு தனிக் கச்சேரி வருடத்துக்கு மூன்று நாலு. அந்த மூன்று நாலு மாலைகளுக்காகத்தான் மற்ற எல்லாமே. மாதச் சம்பளம் வேண்டுமென்றால் தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வி படித்து ஆசிரியராகலாம், அதுவும் நல்ல வழிதான்.

சாக்சஃபோனுக்காகக் கிளாசுனோவ் 1934இல் எழுதிய கன்செர்ட்டோவையும், இபேர் அதற்கு அடுத்த வருடம் முடித்த கன்செர்ட்டினோவையும் அவன் கேட்டிருக்கிறானா? அதைக் கேட்ட பிறகும் இதுதான் வேண்டும் என்றால் ஆசை உண்மையானது. ஜெஸ் கில்லம் என்ற பெண் சாக்சஃபோன் வாசிப்பதையும் கேட்கட்டும். வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், 2016இல் பிபிசி இளம் இசைக்கலைஞர் போட்டியின் இறுதிச்சுற்றுக்கு வந்தார், இப்போது உலகமெங்கும் வாசிக்கிறார்.

பயிற்சியில் நான் பிடிவாதமாகச் சொல்வது நீண்ட சுரம்தான். ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, சுருதி அசையாமல் மறுபடி மெலிய வைக்க வேண்டும், தினமும் அரை மணி நேரம். தோட்டத்து லயத்து வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் தூங்க வேண்டுமே என்று நான் செம்பனை மரங்களுக்குள் போய் நின்று ஊதுவேன். ஊதத் தெரிந்தவன் எவனும் மூச்சில்தான் தொடங்குவான் என்பார் தாத்தா. அவர் நாதஸ்வரச் சீவாளியைப் பார்த்துக்கொண்ட அளவுக்கு நான் ரீடை, அதாவது ஊதும்போது அதிரும் நாணல் பட்டையை, பார்த்துக்கொள்ளப் பழக வருடங்கள் ஆயின. நம் ஊர்ப் புழுக்கத்தில் ரீடு பூஞ்சை பிடிக்கும், ஜி ஷார்ப் துளையை மூடும் பேட் ஒட்டிக்கொள்ளும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைக்காமல் பெட்டியை மூடக் கூடாது.

அப்புறம் ஆசிரியர். பேண்ட் வாத்தியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சாக்சஃபோனையே முதல் கருவியாகப் படித்தவரிடம் மாதம் இரண்டு முறையாவது அனுப்புங்கள், ஈப்போ வரை போக வேண்டியிருந்தாலும். ஜாஸுக்கும் செவ்வியலுக்கும் வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸே வேறு, வாய் வைக்கிற முறையும் வேறு. ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு அவனுக்கு ஒரு நல்ல குறி. கிளாரினெட்டும் கற்றுக்கொண்டால் கூப்பிடுகிறவர்கள் கூடுவார்கள்.

கோயில் திருவிழாவில் வாசிக்கக் கூப்பிட்டால் தடுக்காதீர்கள். சாக்சஃபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் இதைக் கேட்டுத்தான் மயங்கினார், கர்நாடக மேடைக்கே கொண்டுபோனார். அவருக்கும் யாரும் நாற்காலி போட்டு வைக்கவில்லை.

கருவி பள்ளியுடையதா சொந்தமா, என்ன மவுத்பீஸ், எத்தனையாம் நம்பர் ரீடு என்று அவனிடம் கேட்டு எழுதுங்கள் அண்ணே, முதலில் எதை மாற்றலாம் என்று சொல்கிறேன்.