மதுரைக்கு இரண்டு நாள் வருகிறோம், எந்தெந்தக் கடைகளில் சாப்பிடலாம்?

கேள்வி கேட்டவர் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு மதுரை வருகிறாராம். தவறவிடக் கூடாத இருபது கடைகளின் பட்டியல் வேண்டுமாம். இருபது என்ற எண்ணைப் படித்ததும் எனக்கு எங்கள் அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. இல்லையென்றால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

‘வருகிறோம்’ என்று எழுதியிருப்பதால் குடும்பத்தோடு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சனி விடிகாலை இறங்கி ஞாயிறு ராத்திரி ஏறுவீர்கள். இரண்டு காலை, இரண்டு மதியம், ஒரு ராத்திரி. ஆக ஐந்து வேளை. நொறுக்குத் தீனியைச் சேர்த்தாலும் எட்டு. இருபது கடையை எந்த வயிற்றில் வைப்பீர்கள்?

போன வருடம் ஐப்பசியில் என் சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து மனைவியோடு வந்தான். காலை ஐந்தரைக்கு மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் போனைத்தான் நீட்டினான். வரைபடத்தில் பதினெட்டு கடைகளுக்கு சிவப்புப் புள்ளி வைத்திருந்தான். “அண்ணே, பெரியம்மாவைச் சமைக்க வேணாம்னு சொல்லிருங்க, சிரமம்” என்றான். நான் சொன்னேன். அம்மா அதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். விருந்தாளி வேண்டாம் என்றால் வேண்டும் என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம்.

முதல் நாளே என்னை நெல்பேட்டைக்கு அனுப்பி அயிரை மீன் வாங்க வைத்திருந்தார். அயிரை தெரியாதவர்களுக்கு: சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, நல்ல தண்ணீர் மீன். உயிரோடுதான் விற்பார்கள், கிலோ 1000 ரூபாய்க்கு மேல். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் கொஞ்சம் பாலை விட்டு அதில் போட வேண்டும், அப்போதுதான் குடித்த மண்ணைக் கக்கும். பிறகு மண்சட்டியில் கல் உப்பு போட்டு வழவழப்புப் போகும்வரை உரச வேண்டும். வெட்டுவது கிடையாது. புளிக்குழம்பு கொதித்து முடியும் நேரத்தில் முழுசாகப் போட்டு இறக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் கரண்டி போட்டால் மீன் உடைந்துவிடும், சட்டியைத்தான் ஆட்ட வேண்டும். எழுபத்திரண்டு வயதில் அம்மா இதைச் செய்துகொண்டிருந்தபோது நாங்கள் முதல் சிவப்புப் புள்ளியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இட்லிக்கு நாலு சட்னி. நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். இரண்டாவது புள்ளியில் பொங்கல் வடை. ஒன்பதரைக்கு அல்வா. பதினொரு மணிக்கு ஜிகர்தண்டா! அதன் பிறகு ஏதோ வீடியோவில் வந்த பன் பரோட்டா கடை. பெயர் வேண்டாம், அந்தக் கடைக்காரர் என்ன பாவம் செய்தார். வெயிலில் ஐம்பது நிமிடம் நின்றோம். பரோட்டா வந்ததும் அதை மேலிருந்து, பக்கத்திலிருந்து, பிய்த்து, சால்னா ஊற்றும்போது என்று நாலு விதமாகப் படம் எடுத்தார்கள். சாப்பிட்டது பாதி, மிச்சம் இலையோடு தொட்டிக்குப் போனது. படம் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் எடுப்பவன்தான். ஆனால் பன் பரோட்டா கல்லிலிருந்து இறங்கிய ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டிய பண்டம்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால். கூடத்தில் இலை போட்டு ஓரத்தில் உப்பு வைத்திருந்தது. “பெரியம்மா, வயிறு ஃபுல், ராத்திரி சாப்பிடுறோமே” என்றான் தம்பி. ராத்திரிக்குக் கறிதோசை பட்டியலில் இருந்தது அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அம்மா, “சரிப்பா, போய்ப் படுங்க” என்று சொல்லிவிட்டு இலைகளை எடுத்து மடித்து வைத்தார். அன்று சனிக்கிழமை. அம்மா சனிக்கிழமை கவுச்சி தொட மாட்டார். உப்பு உறைப்புகூடப் பார்க்காமல் கை அளவிலேயே செய்த குழம்பு அது. மூன்றரை மணிக்கு ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். எனக்கும் வயிறு முட்டத்தான் இருந்தது, ஆனாலும் எதிரே உட்கார்ந்து இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டேன். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, ‘மதுரையில் எங்களுக்குச் சொந்தக்காரர் வீடு இல்லையே, இதை ஏன் எங்களிடம் சொல்கிறீர்கள்’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் எந்தக் கடைக்கும் ஏஜெண்ட் இல்லை.

எங்கள் ஊரில் கடையைவிட நேரம் முக்கியம். காலையில் ஒரே ஒரு இடத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு நிறுத்துங்கள். மீனாட்சியம்மன் கோயில் மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரம்தான் மெஸ்ஸுக்கு. தல்லாகுளம் பக்கம் சந்திரன் மெஸ், குமார் மெஸ், அம்மா மெஸ் எல்லாம் இருக்கின்றன, ஒன்று போதும். சுக்கா, குடல், கோலா உருண்டை, கிடைத்தால் அயிரை. சாப்பிட்டதும் அறைக்குப் போய்த் தூங்குங்கள். ஊர் சுற்ற வந்துவிட்டு மதியம் தூங்குவதா என்றால், ஆமாம், இது தூங்கா நகரம். ராத்திரி விழித்திருக்க வேண்டுமே.

நாலு மணிக்கு மேல் மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம். பக்கத்திலேயே கோயில். சாமி கும்பிட்டு வெளியே வரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும், தள்ளுவண்டியில் பருத்திப்பால் வந்திருக்கும். ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்து, வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சியது. பெயரில்தான் பால், மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு டம்ளரைச் சூடாக, நின்றுகொண்டே குடியுங்கள். தெற்கு மாசி வீதிப் பக்கம் நடந்தால் சௌராஷ்டிரர்கள் போடும் முள்ளுமுருங்கை வடை கண்ணில் படலாம். பச்சையாகத் தட்டையாக இருக்கும், பொடி தூவித் தருவார்கள். இதையெல்லாம் தேடி அலையாதீர்கள், எதிரே வந்தால் வாங்குங்கள்.

ராத்திரிக்கு சிம்மக்கல் கோனார் மெஸ் கறிதோசை. அடியில் தோசை, மேலே முட்டை, அதற்கும் மேலே கறி. ஒன்றைச் சாப்பிட்டால் இன்னொன்று இறங்காது. அப்புறம் நடந்தே விளக்குத்தூண் வந்தால் ஜிகர்தண்டா. பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். கறி சாப்பிட்ட சூட்டுக்குத்தான் அது சரி, காலை பதினொரு மணிக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது, ரயில் என்றால், ஸ்டேஷன் பக்கம் பிரேம விலாஸில் சுடச்சுட இலையில் ஒரு கரண்டி அல்வா.

‘அந்தக் கடையெல்லாம் இப்போது பழைய ருசி இல்லை’ என்று கீழே நாலு பேர் எழுதுவார்கள். இருக்கலாம். நமக்கும் நாக்கு பழசாகியிருக்கிறது. சைவக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இட்லி, வெள்ளையப்பம், பருத்திப்பால், அல்வா நாலும் உங்களுக்குத்தான், பாதி நாள் ஓடிவிடும்.

தம்பி கதையை முடிக்கவில்லை. பெங்களூர் போனதும் ‘மதுரையை முடிச்சாச்சு’ என்று எழுதி முப்பத்தியாறு படம் போட்டிருந்தான். நான் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், இன்னும் முடித்தபாடில்லை. அது போகட்டும். ஞாயிறு ராத்திரி பஸ் ஏறும்போது அம்மா மிச்சக் குழம்பை நன்றாகச் சுண்ட வைத்து எவர்சில்வர் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தார். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று சொல்லி அனுப்பினார். அதைச் சாப்பிட்டார்களா, பஸ்ஸிலேயே கெட்டுப்போனதா, இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்குவாளியும் திரும்பி வரவில்லை. அப்பா முதல் சம்பளத்தில் வாங்கி மூடியில் பெயர் வெட்டி வைத்த வாளி. இரண்டு தடவை போனில் கேட்டேன். “பாக்குறேண்ணே” என்றான். மூன்றாவது தடவை கேட்கப் போனால் அம்மா, “ஒரு வாளிக்காகவா தம்பிகிட்ட மல்லுக்கட்டுற” என்று என்னைத்தான் திட்டுகிறார். தீபாவளிக்குப் பாத்திரம் விளக்கும்போது மட்டும், “அந்தத் தூக்கு எங்கடா” என்று கேட்டார்.