24 வயதில் மேமோகிராம் தேவையா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஐ.டி. வேலை. போன வருடம் பெரியம்மாவுக்கு (அம்மாவின் அக்கா) 56 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து எனக்கு ஒரே பயம். சலுகை விலையில் மேமோகிராம் என்று போனில் மெசேஜ் வருகிறது. எடுத்துவிடலாமா? 48 வயதான அம்மாவோ, "கல்யாணம் ஆகாத பொண்ணு, வெளியே தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்கிறார். எந்த வயதில்தான் ஆரம்பிக்க வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: அந்தச் சலுகை உங்களுக்கு வேண்டாம். காசுக்காகச் சொல்லவில்லை. மேமோகிராம் ஒரு எக்ஸ்ரே. அந்தப் படத்தில் கொழுப்பு கருப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். இருபதுகளில் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும். வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடினால் இருப்பது தப்பிப்போகலாம். ஒன்றும் இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து ஊசி குத்திச் சோதிக்கவும் நேரலாம்.

குடும்பத்தில் பெரிய ஆபத்து இல்லாதவர்களுக்கு அமெரிக்காவில் 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 50-ஐ ஒட்டித்தான் அழைப்பே வரும். நம் அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர்கள் கையால் தொட்டுப் பரிசோதிப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

அடுத்து குடும்பக் கதை. ஒரு பெரியம்மாவுக்கு மட்டும், அதுவும் 56 வயதில் வந்ததென்றால் உங்கள் ஆபத்து பெரிதாக ஏறிவிடாது. நாங்கள் கவலைப்படுவது வேறு மாதிரிக் குடும்பங்களைப் பற்றி: அம்மாவுக்கோ அக்காவுக்கோ 50 வயதுக்கு முன்பே வந்தது, இரண்டு மார்பகத்திலும் வந்தது, யாருக்காவது சினைப்பைப் புற்றுநோய், ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். அப்பா வழியையும் விசாரியுங்கள். அத்தை, அப்பாயி கதையை யாரும் சொல்வதே இல்லை. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும். அது உறுதியானவர்களுக்கு 25 வயதிலேயே எம்ஆர்ஐ தொடங்குவார்கள். அம்மாவுக்கு 42-ல் வந்திருந்தால் மகளுக்குப் பத்து வருடம் முன்னதாக, 32-ல் தொடங்குவது வழக்கம். பெரியம்மாவுக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அதை நோய் வந்தவரிடமிருந்து தொடங்குவதுதான் முறை.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது உங்கள் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது. மாதாமாதம் தேதி குறித்துச் செய்யும் சடங்காக வேண்டாம். சீனாவின் ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடம் இறப்பு குறையவில்லை, தேவையில்லாத பயாப்ஸிதான் (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) கூடியது. பீரியட்ஸ் முடிந்த சில நாளில், குளிக்கும்போது சோப்புக் கையோடு மூன்று விரல்களின் உட்புறத்தால் காறை எலும்பிலிருந்து மார்பகத்தின் அடிவரை, அப்புறம் அக்குள்வரை தடவிப் பார்த்தால் போதும். பீரியட்ஸுக்கு முன்னால் கனம், வலி, உருண்டை உருண்டையாகத் தட்டுப்படுவது சகஜம்.

புதிதாகக் கட்டி, தோல் குழிவது, காம்பு திடீரென உள்ளிழுப்பது, ரத்தம் கலந்த கசிவு, இதில் எது வந்தாலும் டாக்டரிடம் போங்கள். "வலிக்கலையே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. உங்கள் வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை விரலுக்கடியில் வழுக்கி ஓடும், புற்றுநோய் அல்லாத ஃபைப்ரோஅடினோமாதான். ஆனால் அதை நீங்களே முடிவு செய்யக் கூடாது. முதலில் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனை. வெட்கமாக இருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள், தப்பில்லை.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அம்மாவின் வயது. 48. கூடப் பிறந்த அக்காவுக்கு நோய். உங்களைவிட அவருக்குத்தான் இப்போது மேமோகிராம் அவசியம், இதுவரை எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே. பீரியட்ஸ் இன்னும் வருகிறதென்றால் அது முடிந்த வாரத்தில் கூட்டிப்போங்கள். மார்பகத்தை அழுத்திப் படம் எடுக்கும்போது வலி குறைவாக இருக்கும். அன்று காலை அக்குளில் பவுடர், டியோடரன்ட் எதுவும் வேண்டாம். சில சமயம் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கும் சுண்ணாம்புச்சத்துப் புள்ளிகளைப் போலவே அவை படத்தில் விழுந்து குழப்பிவிடும்.