ஸ்கானில் ஒன்றுமில்லை, பிறகேன் கதிர்ச்சிகிச்சை?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. புரொஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்து ஒன்றரை வருடமாகிறது. பி.எஸ்.ஏ (புரொஸ்டேட் கலங்கள் சுரக்கும் புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை) முதலில் 0.03, பிறகு 0.11, இப்போது 0.24. ஸ்கானில் ஒன்றுமில்லை, அவருக்கும் ஒரு வருத்தமுமில்லை. ஆனாலும் கரண்ட் (கதிர்ச்சிகிச்சை) பிடிக்கவேணும் என்கிறார்கள். ஸ்கானில் தெரியும்வரை பொறுத்தால் என்ன?
வாசகி, கிளிநொச்சி

பதில்: பொறுக்க வேண்டாம். சுரப்பியை எடுத்தவருக்கு பி.எஸ்.ஏ 0.1க்குக் கீழேயே கிடக்கவேண்டும். 0.2ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் (அதே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள்) ஏறியிருந்தால் நோய் திரும்பிவிட்டதென்றே கொள்வோம். இந்த அளவில் ஸ்கான் பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும். கதிர் நன்றாக வேலைசெய்வதும் இப்போதுதான், 0.5ஐத் தாண்டத் தாண்டக் குணமாகும் வாய்ப்புக் குறையும். அறுவைக்குப் பின் சலம் இன்னும் சொட்டுகிறதென்றால், அது தேறும்வரை கொஞ்சம் பொறுப்பதுண்டு.

சுரப்பி இருந்த இடத்துக்கே கதிர் கொடுப்பார்கள். மொத்தம் 64 முதல் 70 கிறே (கதிரை அளக்கும் அலகு). கிழமைக்கு 5 நாள், நாளுக்கு 2 கிறே என்றால் ஆறரை, ஏழு கிழமை. 20 தடவையில் முடிக்கும் முறையும் உண்டு. சிலருக்கு ஹோர்மோன் ஊசியும் சேரும். ஊசியால் பி.எஸ்.ஏ எப்படியும் இறங்கும். கதிரின் பலன் ஊசி முடிந்து மாதக்கணக்கில் கழித்தே தெரியும்.

ஆட்கள் தடுமாறுவது தண்ணீரில்தான். மேசையில் படுக்கும்போது சலப்பை நிறைந்திருக்கவேண்டும், மலக்குடல் வெறுமையாக இருக்கவேண்டும். நிறைந்த பை சிறுகுடலை மேலே தள்ளிவைக்கும். மலமோ காற்றோ நிறைந்த மலக்குடல் குறி வைத்த இடத்தையே நகர்த்திவிடும். வழக்கமாகச் சலம் கழித்துவிட்டு 400, 500 மில்லிலீற்றர் குடித்து, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இருக்கச் சொல்வார்கள். பஸ்ஸில் சலம் வந்துவிடுமென்று காலையிலிருந்து வாய் நனைக்காமல், வன்னி வெயிலில் காய்ந்து வருபவருக்கு அந்த அரை லீற்றர் பையை நிரப்பாது. முதல் நாளே நன்றாகக் குடிக்கட்டும். கோவா, பலாக்கொட்டை வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் கிளினிக்கில் மருந்து கேளுங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியோ மகரகமயோ, எங்கே அனுப்பினாலும் கிட்டத் தங்குவதே புத்தி.

மூன்றாம் கிழமையளவில் சல எரிவு, அடிக்கடி சலம், இளக்கமான மலம் தொடங்கும். முடிந்து சில கிழமைகளில் தணியும். மாதங்கள் கழித்து மலத்தில் இரத்தம் வரலாம். அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும், அதைக் குடிக்கிறாரென்றால் இப்போதே சொல்லுங்கள். பின்னாளில் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க நேர்ந்தால், கதிர் பிடித்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டும்: மலக்குடலின் முன்சுவரில் சதைத்துண்டு எடுத்தால் அந்தப் புண் ஆறாமல் போகலாம்.