சம்பளம் அதிகம், ஆனாலும் தொழிலாளியா?

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒரு குழுவுக்கு மேலாளராக இருக்கிறேன். நல்ல சம்பளம், கூடவே வீட்டுக்கடன். என் நண்பன் இரண்டு ஆள் வைத்து லேத் பட்டறை நடத்துகிறான். என் சம்பளத்தில் பாதிகூட அவன் கையில் நிற்பதில்லை. ஆனால் அண்ணனோ, "நீ தொழிலாளி, அவன்தான் முதலாளி" என்கிறார். இது என்ன கணக்கு ஐயா? மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டிருக்கிறேனே, அப்போது நானும் முதலாளிதானே?

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி. சம்பள ரசீதைப் பார்த்து வர்க்கத்தைச் சொல்லிவிட முடியாது. பணம் எவ்வளவு வருகிறது என்பதைவிட, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நாளைக் காலை வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை, பிள்ளைகள் படிப்பு, காப்பீடு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள்? இதைக் கேட்க மார்க்ஸ் வரை போக வேண்டியதில்லை. தாராளச் சந்தைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆடம் ஸ்மித்தே 1776-இல் இதைத்தான் எழுதினார். ஒரு ஆளைக்கூட வேலைக்கு வைக்காவிட்டாலும், முதலாளி சேர்த்து வைத்ததைக் கொண்டு ஓரிரு வருடம் ஓட்டிவிடுவார். தொழிலாளிகளில் பலருக்கு வேலை இல்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்காது. கூலிப் பேரத்தில் முதலாளியின் கை ஓங்குவதற்கு அவர் சொன்ன காரணங்களில் இது முக்கியமானது.

சரி, நண்பருக்கு வருவோம். லேத் அவருடையது. ஆனால் ஆட்களோடு ஆளாக அவரும் எண்ணெய்க் கையோடு மிஷின் முன்னால் நிற்கிறார். ஆர்டர் கொடுத்த பெரிய கம்பெனி பில்லை மூன்று மாதம் இழுத்தடித்தால், கடன் வாங்கியாவது ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இடதுசாரிகள் 'குட்டி முதலாளி' என்று சொல்வது இவரைப் போன்றவர்களைத்தான். அண்ணன் சறுக்கியது இங்கேதான்.

உங்கள் பாடும் அவ்வளவு நேராக இல்லை. ஆட்குறைப்புப் பட்டியல் தயாரிப்பது நீங்கள். உங்களுக்கு மேலே இருப்பவர் தயாரிக்கும் பட்டியலில் உங்கள் பெயரே இருக்கலாம். எரிக் ஓலின் ரைட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-களில் இதற்கு 'முரண்பட்ட வர்க்க நிலை' என்று பெயர் வைத்தார்.

உண்மையான இடைவெளி தெரிய வேண்டுமானால், சம்பளத்தை விட்டுவிட்டுச் சொத்தைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கைப்படி, மேல்தட்டு 10 சதவீதத்தினருக்கு உலக வருமானத்தில் 52 சதவீதம் போகிறது. சொத்திலோ 76 சதவீதம் அவர்களிடம். கீழ்ப்பாதி மக்களுக்கு வருமானத்தில் 8.5 சதவீதம், சொத்தில் வெறும் 2. சம்பளம் பெரும்பாலும் மாதக் கடைசிக்குள் கரைந்துவிடும். சொத்து அப்படியில்லை, வாடகை, லாபம், பங்காதாயம் என்று குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் சொத்தாகிவிடும். அப்புறம், அதைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதி வைக்கலாம். உங்கள் மேலாளர் பதவியை மகளுக்கு எழுதி வைக்க முடியுமா?

மியூச்சுவல் ஃபண்ட் கேள்விக்குப் பதில் உங்களிடமே இருக்கிறது. போன வருடம் முழுக்க அதில் கிடைத்த லாபத்தையும் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். லாபம் அந்த ஒரு மாதத்தையே தாண்டவில்லை என்றால், முதலாளி என்று விசிட்டிங் கார்டு அடிக்க இப்போது அவசரமில்லை.