என் அடையாள அட்டை அயர்லாந்துக்குப் போனதா?

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. மாலையில் இணையத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கலாம் என்று வெளிநாட்டுத் தளம் ஒன்றில் பதிந்தேன். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அப்புறம்தான் ‘உங்கள் தகவல்கள் அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்கு மாற்றப்படலாம்’ என்ற வரி கண்ணில் பட்டது. இப்படி அனுப்புவது சட்டப்படி சரியா? சம்மதம் என்று அழுத்தியது நான்தானே, இனி ஒன்றும் கேட்க முடியாதா?
- ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, ஹட்டனில் என் கொமினிகேஷன் கடையில், போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. கொப்பி எடுக்க வருகிறவர்கள் மெஷின் மூடிக்கு அடியில் மறந்துவிட்டுப் போகும் அடையாள அட்டைகள் எல்லாம் அதற்குள்தான். புது அட்டையின் 12 இலக்கத்தைப் பார்த்தாலே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். நீங்கள் முகவரியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். பயமுறுத்தவில்லை, போனது என்னவென்று தெரிந்திருக்கட்டும்.

போன மாரியில் என் லெமினேட் மெஷின் சூடேறவே இல்லை. ஒரு வாரம் அட்டைகளையும் சான்றிதழ்களையும் கடைப் பையனிடம் கொடுத்து நாவலப்பிட்டிக்கு அனுப்பித்தான் வேலை முடித்தேன். ரயிலில் அந்தப் பை தொலைந்திருந்தால் சனம் நாவலப்பிட்டிக்காரனைத் தேடிப் போயிருக்குமா? என் சட்டையைத்தான் பிடித்திருக்கும். எல்லை கடந்த தரவு பற்றிய சட்டங்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கின்றன. அனுப்பாதே என்று சொல்வதில்லை. அனுப்பு, ஆனால் பொறுப்பு உன்னுடையது என்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர். என்னும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தரவு வெளியே போக முக்கியமான வழிகள் சில. ஜப்பான், நியூசிலாந்து போல ‘இங்கே பாதுகாப்பு போதும்’ என்று ஒன்றியமே தீர்மானித்த நாடு என்றால் தடையில்லை. அந்தப் பட்டியலில் நம் இலங்கை இல்லை. மற்ற நாடுகளுக்கு, அனுப்பும் நிறுவனமும் பெறும் நிறுவனமும் நியம ஒப்பந்த வாசகங்களில் கையெழுத்திடுவதுதான் பொதுவான வழி. ஒன்றியம் 2021 ஜூனில் வெளியிட்ட வாசகங்கள் அவை. கம்பனிகள் தம் இஷ்டத்துக்கு வெட்டித் திருத்த முடியாது. சம்மதம் என்பது இவையெல்லாம் இல்லாதபோது நாடும் விதிவிலக்கு. அதற்கும், ஆபத்து என்னவென்று முன்கூட்டிச் சொல்லி, வெளிப்படையாகக் கேட்க வேண்டும். நீளமான விதிமுறைக்குக் கீழே நீங்கள் போட்ட டிக் அந்தச் சம்மதம் ஆகாது. பெரும்பாலும் உங்கள் அட்டை பயணம் போனது இரண்டு கம்பனிகள் தமக்குள் போட்ட ஒப்பந்தத்தின் மேல். ஆகவே ‘நான்தானே அழுத்தினேன்’ என்று தலை குனிய வேண்டாம்.

காகிதத்தில் ஒப்பந்தம் இருந்தால் போதுமா? போதாது என்று ஒரு மாணவர் நிரூபித்தார். 2013இல் ஸ்னோடன் அமெரிக்க உளவு விவகாரத்தை வெளியிட்டதும், ஆஸ்திரியாவின் சட்ட மாணவர் மக்ஸ் ஷ்ரெம்ஸ், தன் ஃபேஸ்புக் தகவல் அமெரிக்கா போவதை எதிர்த்து, ஃபேஸ்புக்கின் ஐரோப்பியக் கம்பனி இருக்கும் அயர்லாந்தில் முறையிட்டார். அதன் விளைவாக, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான தரவு அனுப்பும் ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015இல் ரத்துச் செய்தது. அடுத்து வந்த ஏற்பாடும் 2020 ஜூலையில் விழுந்தது. இப்போது இருப்பது மூன்றாவது, 2023 ஜூலையில் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம். நியம வாசகங்களின் மேல்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க உளவுச் சட்டத்துக்கு முன்னால் அந்த வாசகம் காப்பாற்றாது என்றது அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பனியானாலும் இங்குள்ளவர்களுக்குச் சேவை வழங்கினால் அதற்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல விஷயம். முழுமையாக அமுலாக வேண்டிய திகதி 2025 மார்ச் 18 என்றிருந்தது, அதுவும் கைவிடப்பட்டுச் சட்டம் திருத்தத்துக்குப் போனது. இதைச் சொல்லும்போது எனக்குச் சலிப்புத்தான். நம் முன்னோர் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமிலிருந்து கடல் தாண்டியபோது, தோட்டத்தையும் ஆளையும் காட்டும் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு கழுத்தில் தொங்கியது. தகவலோடு எல்லை கடப்பது நமக்குப் புதிதல்ல. சட்டம்தான் குறித்த நாளில் பஸ் ஏறவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அந்தத் தளத்தின் விதிமுறையில் ‘உங்களுடன் ஒப்பந்தம் செய்வது யார்’ என்று ஒரு வரி இருக்கும். அது அயர்லாந்துக் கம்பனி என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது: ஐரோப்பாவில் நிலைபெற்ற நிறுவனம் அந்த வேலையின் பகுதியாகக் கையாளும் தரவுக்கு, ஆள் பொகவந்தலாவையில் இருந்தாலும் ஜி.டி.பி.ஆர். பொருந்தும். தனியுரிமைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்த நாட்டுக்கு, எந்த ஏற்பாட்டின் கீழ் போனது, அடையாளத்தைச் சரிபார்த்து முடிந்ததும் படத்தை அழித்தீர்களா என்று கேளுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும்.

நானும் ஒரு சேவையிடம் என் தகவலின் பிரதி கேட்டு வாங்கினேன். கோப்பைத் திறந்தால், நான் நுழைந்த இடம் என்று வரிக்கு வரி கொழும்பு, கொழும்பு. இணைப்பு அங்கேயுள்ள சேவரைக் காட்டியிருக்கிறது. வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, ‘கொழும்பில் யார் வீட்டில் இருந்தீங்க?’ என்று கேட்டதற்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லி முடியவில்லை.

கேள்வி: வி.பி.என். போட்டால் என் தகவல் நாட்டைத் தாண்டாதுதானே?
- வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, நேர் எதிர். வி.பி.என். என்பது உங்கள் இணைய இணைப்பை இன்னொரு கம்பனியின் சேவர் வழியாகச் சுற்றிவிடுவது. நீங்கள் சிங்கப்பூரைத் தெரிவு செய்தால் தகவல் முதலில் சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து தளத்துக்குப் போகும். வழியில் இன்னொரு கம்பனியும் சேர்ந்துவிட்டது. இலவச வி.பி.என். என்றால் அந்தக் கம்பனி யார் என்று ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: இத்தாலியில் வேலை செய்யும் என் தம்பிக்கு இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். அவனுக்கு ஐரோப்பியச் சட்டம் உதவுமா?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: உதவும். குடியுரிமை முக்கியமில்லை, அங்கே இருக்கிறார், அது போதும்.

கடைசியாக ஒரு கடை அறிவித்தல். பிஸ்கட் டின்னில் இப்போது 4 அடையாள அட்டைகள் இருக்கின்றன. ஒன்று 1961இல் பிறந்த ஓர் அம்மாவுடையது. உரியவர்கள் நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும். ஞாயிறு கடை பூட்டு.